பாசுரம் ஓய்ந்த நாட்களின் ஆல்பங்கள்

செல்போன் கவரும் சார்ஜரும் விற்கிற ஒருத்தி, பாட்டைப் பற்றியும் ஒரு பெரிய மனிதரைப் பற்றியும் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். என் படிப்பு பத்தாவதோடு முடிந்தது. நகரி பக்கத்தில் எங்கள் ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்ததால் தமிழில் எழுதப் படிக்க வந்தது. கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்த பிறகு வாயில் தெலுங்குதான் அதிகம் புழங்குகிறது. எனக்குச் சங்கீதம் தெரியாது. வைணவ சாஸ்திரமும் தெரியாது. நான் எழுதுவதில் ஏதாவது பிசகு இருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் கணக்கில் வைக்காதீர்கள்.

அவருக்குப் பெயர் உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் நேரில் ஒரு நாளும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாமி என்றுதான் கூப்பிட்டேன். கூப்பிட்டுப் பழகாத பெயரைக் காகிதத்தில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. இப்போது அவரும் அவர் மனைவியும் மகள் வீட்டோடு ஸ்ரீரங்கம் போய்விட்டார்கள். டிசம்பர் மாதம் போனைத் திறந்தால், இந்த வருஷத்தின் சிறந்த ஆல்பங்கள் என்று யாராவது ஒரு வரிசை போட்டிருப்பார்கள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் கடை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். நெற்றி நிறைய திருமண், காதிலிருந்து தொங்கும் வெள்ளை ஒயர், பாதி மூடின கண்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்னப் பெருமாள் கோயில் இருக்கிறது. மலைக்கு வருகிற கூட்டம் அங்கே வராது. அந்தக் கோயிலில் பாசுரம் சொல்கிற கோஷ்டியில் அவர் ஒருவர். நான் சொல்வது என்று எழுதுகிறேன். அவர்கள் சேவிப்பது என்பார்கள். எதிரும் புதிருமாக இரண்டு வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து சொல்லுவார்கள். ஆனால் முதல் சொல்லை ஒரே ஒருவர்தான் எடுப்பார். அவர் தனியாக எடுத்த பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அதற்குத் தொடக்கம் என்று பெயர். எங்கள் கோயிலில் தொடக்கம் இவருடையது. இவர் அப்பாவுக்குப் பிறகு இவருக்கு வந்தது.

கார்த்திகை தீபம் கழிந்த மறுநாளிலிருந்து அவர்களுக்கு ஒரு வழக்கம். வைகுண்ட ஏகாதசிக்கு முன்னால் உற்சவம் தொடங்குகிற நாள் வரைக்கும் பாசுரத்தை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. கோயிலிலும் கூடாது, வீட்டிலும் கூடாது. குளிக்கும்போது முணுமுணுக்கவும் கூடாது. அனத்யயன காலம் என்பார்கள். உற்சவத்தன்று வாயைத் திறந்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லித் தீர்ப்பார்கள். நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நாள்தான் இவருக்கு ஆல்பம் கேட்கிற காலம்.

முதல் தடவை கடைக்கு வந்தபோது ஒரு இயர்போனைக் கவுன்ட்டரில் வைத்தார்.

"ஒரு காது கேக்கலை" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "எனக்கில்லேம்மா. இதுக்கு."

ஒயர் பின்னுக்குப் பக்கத்தில் அறுந்திருந்தது. பற்றவைத்துக் கொடுத்தேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் காதில் வைத்துக்கொண்டு, போனில் ஓடுவதை ஓட்டச் சொன்னேன். பெருமாள் பாட்டு வரும் என்று நினைத்தேன். சென்னைப் பையன்கள் நாலைந்து பேர் சண்டை போடுவது போலப் பேசிக்கொண்டே பாடினார்கள். நான் சட்டென்று எடுத்துவிட்டேன்.

"பயந்துட்டியா? இந்த வருஷம் வந்தது. மூச்சு எங்க விடறான்னே தெரியலை பாரு. ஒருத்தன் விடறச்சே இன்னொருத்தன் பிடிச்சுக்கறான். திருடறதுகள். எங்க கோஷ்டியில இருக்க வேண்டிய பசங்க."

அவர் பாட்டைக் கேட்பது அப்படித்தான். குரல் நன்றாக இருக்கிறதா, மெட்டு எப்படி, யார் எழுதினது என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். பாடுகிறவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்பதுதான் முதலில். சில ஆல்பங்களில் மூச்சுச் சத்தத்தையே துடைத்து எடுத்துவிடுவார்களாம். அந்த மாதிரி ஆல்பம் ஓடும்போது அவருக்கே மூச்சு முட்டுகிறது போல மார்பைத் தடவிக்கொள்வார். "மனுஷா இல்லாத வீடு மாதிரி இருக்கு" என்பார்.

கடையில் ஒரு கொக்கியில் இரட்டைப் பின் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு போனில் இரண்டு இயர்போன் மாட்டுகிற பின். பஸ்ஸில் போகிற காதலர்கள்தான் முன்பெல்லாம் வாங்குவார்கள். எல்லோரும் ஒயர் இல்லாத இயர்போனுக்குப் போய்விட்ட பிறகு அது தூசி பிடித்துக் கிடந்தது. அது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப எனக்கு அதான் வேணும். நீயும் கேளு. தனியா கேட்டுப் பழக்கமில்லை எங்களுக்கு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. வேண்டாம் சாமி, எனக்கு இதெல்லாம் தெரியாது என்றேன். தெரியாதவாதான் வேணும் என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் வெளியே ஸ்டூலில், நான் கவுன்ட்டருக்கு உள்ளே, நடுவில் இரட்டைப் பின்னோடு அவர் போன். தெருவில் ஆட்டோவும் மொட்டைத் தலைகளும் போய்க்கொண்டிருக்கும். மலையிலிருந்து இறங்குகிறவர்களின் போன் எல்லாம் செத்துப்போய்த்தான் வரும். சார்ஜருக்கும் கேபிளுக்கும் வந்து நிற்பார்கள். நான் ஒரு காதை எடுத்துவிட்டு வியாபாரம் பார்ப்பேன், மறுபடி மாட்டிக்கொள்வேன். மத்தியானத்தில் கூட்டம் ஓய்ந்ததும் அந்தத் தெருவே தண்ணீருக்குள் முழுகிவிட்டது போல இருக்கும். மனிதர்கள் வாயசைத்துக்கொண்டு போவார்கள். எங்களுக்கு மட்டும் எங்கேயோ ஒரு பெண் பாடிக்கொண்டிருப்பாள்.

என் வீட்டுக்காரர் மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். முதல் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர் கடை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாது இது, அய்யரு சாமியும் நீயும் ஒரே ஒயர்ல மாட்டிக்கினு கீறீங்க? பி.பி. பாக்கறாரா உனக்கு?"

"ஐயர் இல்லேப்பா, ஐயங்கார்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"ரெண்டும் ஒண்ணுதான சாமி, ரெண்டு பேருமே எங்க வூட்ல துன்ன மாட்டீங்க."

அவர் சிரித்துவிட்டார். வாஸ்தவம்தான், கடையில் ஒரு டீ கூடக் குடித்ததில்லை. பித்தளைக் கூஜாவில் தண்ணீர் கொண்டு வந்து ஸ்டூலுக்குக் கீழே வைத்துக்கொள்வார்.

வருஷம் முழுக்க ஆல்பம் பெயர்கள் காதில் விழும், மனசில் போட்டு வைத்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறார். எதிலும் எழுதி வைக்க மாட்டார். ஆனால் ஆல்பத்தின் பெயரைச் சொல்லவும் மாட்டார். போனில் சின்னச் சதுரமாக அட்டைப்படம் வரும் இல்லையா, அதை வைத்துத்தான் பேச்சு. தண்ணித்தொட்டி, கறுப்பு நாய், ரெண்டு ஜன்னல், பச்சைக் குடை. இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. தண்ணித்தொட்டி ஒரு மலையாளப் பெண்ணுடையது. கறுப்பு நாய்தான் அந்தச் சென்னைப் பையன்கள். ஒரு வருஷம் பெரிய தெலுங்குப் படத்து ஆல்பம் ஒன்று ஊரெல்லாம் ஓடியது. எல்லா ஜீப்பிலும் அதுதான். அவர் அதையும் விடாமல் கேட்டார். முடிந்ததும் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணொண்ணும் நன்னாத்தான் இருக்கு. ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவா எல்லாம் ஒரே பந்தியில உக்காந்த மாதிரி இருக்கு."

ஒற்றைப் பாட்டை மட்டும் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் வைத்த வரிசையில்தான் கேட்பார். நான் ஒரு தடவை பிடித்த பாட்டை மறுபடி போடச் சொல்லலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, "என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல சாமி."

"ஏம்மா, நீ பேசறதுக்கு மூச்சை இழுத்துண்டுட்டு, அப்புறம் பேசாமலே விட்டுடறே. நாள் பூரா பார்க்கறேன். அத்தனை மூச்சும் வீணாப் போறது."

எனக்கு அன்று முழுதும் மூச்சு விடவே கூச்சமாக இருந்தது. நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறேன் என்று நினைத்திருக்க, அந்த மனிதர் என்னையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மாதத்துக்கு ஒரு முறை சித்தூருக்குப் போவார். தங்கை வீடு அங்கே. கடையில் கேட்டுப் பிடித்த ஆல்பத்தைச் சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்ட பிறகுதான் ஒரு முடிவுக்கு வருவார். ஒரு சமயம் நானும் வீட்டுக்காரரும் காணிப்பாக்கம் போவதற்காக அதே பஸ்ஸில் ஏறினோம். அவர் எங்களைக் கவனிக்கவில்லை. சந்திரகிரி தாண்டியதும் கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். இவர் கையை மட்டும் உயர்த்தி, பொறு என்று காட்டினார். கண்டக்டர் பின்னால் போய் எல்லோருக்கும் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் கை அப்படியே இருந்தது. கண்டக்டர் குனிந்து, மரியாதையாகவே, "பாட்ட அயிபோயிந்தா சாமி?" என்றார். பாட்டு முடிந்துவிட்டதா என்று கேட்கிறார். பஸ்ஸே சிரித்தது. இவர் இன்னும் கொஞ்ச நேரம் கையை இறக்கவில்லை. பிறகு இறக்கி, மடியிலிருந்து சில்லறையை எடுத்து, எல்லோரையும் பார்த்துத் தானும் சிரித்தார். வெளியே மாந்தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன.

உற்சவத்துக்கு முந்தின நாள், அந்த வருஷத்து ஆல்பம் எது என்று சொல்லுவார். சிறந்தது என்கிற வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டார். "இந்த வருஷம் என் கூட இருந்தது தண்ணித்தொட்டி" என்பார். அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு எது?" என்று கேட்பார். எனக்குத் தெரியாது சாமி என்பேன். ஒவ்வொரு வருஷமும் கேட்டார், ஒவ்வொரு வருஷமும் அதையே சொன்னேன். இணையத்தில் போடுகிற வரிசைகளை அவருக்குக் காட்டினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். "இத்தனையும் கேட்டவா எப்போ குளிச்சா, எப்போ சாப்பிட்டா?"

இனி எழுதப்போவது அவர் திருப்பதியில் இருந்த கடைசி டிசம்பரில் நடந்தது.

அந்த ஐப்பசி மழையில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தார். கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் மாடியில் அவர் வீடு. படியில் நடுவே உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே போக முடிந்தது. கோயிலில் மற்றவர்களோடு சேர்ந்து முணுமுணுத்தார். தொடக்கத்தைக் கோஷ்டியில் மூத்தவர் எடுத்துக்கொண்டார். அந்த மூத்தவருக்கு எண்பதை ஒட்டி வயசு. அவருக்கே குரல் பிசிறடித்தது. உற்சவத்துக்குள் இவருக்கு மூச்சு திரும்பவில்லை என்றால் தொடக்கத்தை வேறு வீட்டாருக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. கொடுத்தால் கொடுத்ததுதான். அது திரும்பி வராது.

இதை என்னிடம் சொன்னது அவர் மனைவி. மாமி என்று நான் கூப்பிடுவேன். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"மூச்சு வந்துடுத்தா இல்லையான்னு எப்படித் தெரியும் மாமி?" என்றேன்.

"அதான் கூத்து. சேவிச்சுப் பார்த்தாத்தானே தெரியும். தீபம் ஆயிடுத்து. இனி உற்சவம் வரைக்கும் வாயைத் திறக்கப்படாது. அன்னிக்கே திறந்து, அன்னிக்கே தெரிஞ்சாகணும். வரலைன்னா எல்லார் முன்னாடியும் நின்னு போகும்."

அந்த டிசம்பரில் அவர் ஆல்பம் கேட்ட விதமே வேறு. முன்பெல்லாம் ஒரு புன்சிரிப்போடு கேட்பார். இப்போது பாடுகிறவர் ஓர் அடியை எடுத்ததும் தானும் வாயை மூடிக்கொண்டு மூச்சை நிறுத்துவார். பாடுகிறவர் மூச்சு வாங்குகிற வரைக்கும் தாங்கப் பார்ப்பார். முடியாமல் பாதியிலேயே இருமுவார். கூஜாத் தண்ணீர் குடிப்பார். மறுபடி முதல் பாட்டிலிருந்து ஆரம்பிப்பார். அவருக்குச் சங்கீதம் தேவைப்படவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஏறிப் பார்க்க ஒரு படிக்கட்டுத் தேவைப்பட்டது.

பச்சைக் குடை சீக்கிரம் கைவிடப்பட்டது; அதில் மூச்சைத் துடைத்து எடுத்திருந்தார்கள். கறுப்பு நாய்ப் பையன்கள் அந்த வருஷமும் ஒரு ஆல்பம் போட்டிருந்தார்கள். "இவாளோட இப்போ ஓட முடியாது" என்று வைத்துவிட்டார். கடைசியில் படகு என்று ஒன்றில் வந்து நின்றார். அட்டையில் கரையில் கட்டின ஒரு படகு, ஆள் இல்லை. பாடினது வயசான ஒரு பெண்குரல். எந்தப் பாஷை என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. கூட ஒரே ஒரு தந்தி வாத்தியம். அந்த அம்மாள் ஓர் அடியை எடுத்தால், விடிகிற மாதிரி மெதுவாக எடுத்து, அவசரமே இல்லாமல் கொண்டுபோய் வைப்பாள். பிறகு மூச்சு வாங்குவது காதுக்குள் தெளிவாகக் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து வாங்குவது போலவே கேட்கும். கடைசிப் பாட்டில் அவள் பாட மாட்டாள். தந்தி மட்டும் ஒரே சுருதியில் நீண்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

தினமும் படகுதான். வருகிறவர்களின் போனுக்கு டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிக்கொண்டே நானும் கேட்டேன். எனக்குள்ளும் ஏதோ மெதுவானது. வீட்டுக்காரர் கூடச் சொன்னார்: "இன்னாடி, இப்பல்லாம் சண்டைக்கே வர மாட்டேங்கற?"

உற்சவத்துக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம். வெயில் இறங்கி ஷட்டர் நிழல் கவுன்ட்டர் வரைக்கும் வந்திருந்தது. படகு கடைசிப் பாட்டுக்கு வந்துவிட்டது. தந்தி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நான் ஒரு போனின் சிம் தட்டைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் உதடு அசைந்தது. தூக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு தெருவில் இரண்டு மொட்டைத் தலைகள் நின்றுவிட்டதைப் பார்த்தேன். ஒருவன் மற்றவன் தோளைப் பிடித்து, "ஆகு ரா" என்று நிறுத்தினான். இரண்டு பேரும் கையைக் கூப்பிக்கொண்டார்கள்.

நான் காதிலிருந்து ஒயரை எடுத்தேன்.

பாசுரம். சத்தமாக, கோயில் வரைக்கும் கேட்கிற மாதிரி. காதில் தந்தி ஓடுவதால் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. அது அந்தச் சுருதியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு, அது முடிந்து அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தது. சொல்லக்கூடாத காலம் என்று எனக்குத் தெரியும். ஆசாரமானவர், அவரைத் தொட்டு எழுப்பவும் முடியாது. அப்போதுதான் மாமி அவரைச் சாப்பிடக் கூப்பிட வந்தாள். மாடிப்படியின் கடைசிப் படியில் இறங்கி, ஒரு காலைத் தெருவில் வைத்தபடி நின்றுவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் மாமியைப் பார்த்தேன். எங்களில் யாரும் நகரவில்லை.

பாசுரம் பத்துப் பத்தாகத்தான் வரும், அந்தப் பத்தும் முடிந்தது. படகும் முடிந்தது போலிருக்கிறது, அவர் கண்ணைத் திறந்து ஒயரை எடுத்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். கூப்பின கையோடு நிற்கிற மொட்டைகளைப் பார்த்தார்.

"நான் ஏதாவது சொன்னேனா?"

"பத்தும் சேவிச்சேள்" என்றாள் மாமி.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நிறுத்தப்படாதோ என்னை?"

"எங்க நிறுத்தறது? ஒரு அடி நடுவுலயும் மூச்சே வாங்கலையே நீங்க."

மாமி சொன்னது அவருக்குள் இரண்டு தடவையாகப் போய்ச் சேர்ந்தது. முதலில் தப்பு பண்ணிவிட்டது தெரிந்தது. அப்புறம்தான் மூச்சு வந்துவிட்டது தெரிந்தது. மார்பில் கையை வைத்துக்கொண்டார். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷப்படலாமா என்று யாரிடமோ கேட்கிற முகம்.

சாயந்திரம் மூத்தவர் கோயிலுக்கு எங்கள் கடை வழியாகத்தான் போவார். இவர் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். பாட்டு எதுவும் கேட்கவில்லை. மாமியும் வந்து நின்றாள்.

"சொல்லித்தான் ஆகணுமா?" என்றாள் மெதுவாக. "உற்சவத்தன்னிக்கு எடுங்கோ. வந்துடுத்துன்னு அவா தெரிஞ்சுக்கட்டும்."

"நாளைக்கே கேப்பாரே, முடியுமா ஓய்னு. முடியும்னு சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பாரே."

"தெரியலைன்னு சொல்லுங்கோ."

"தெரியறதே."

மூத்தவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். இவர் எழுந்து தெருவிலேயே அவரை மறித்துக் கை கட்டி நின்றார்.

"ஸ்வாமி, அடியேன் ஒரு அபசாரம் பண்ணிட்டேன். மத்தியானம் இந்தக் கடையில உக்காந்து பத்துப் பாட்டை வாய்விட்டுச் சேவிச்சுட்டேன். தெரியாம."

"தெரியாம ஒண்ணு சொல்லலாம் ஓய். பத்து எப்படிச் சொல்லுவீர்?"

"காதுல ஒயர் இருந்தது. பாட்டுக் கேட்டுண்டு இருந்தேன்."

மூத்தவர் கடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கவுன்ட்டரில் கிடந்த இரட்டைப் பின்னைப் பார்த்தார். எனக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

"யார் கேட்டா?"

"ஆத்துக்காரி கேட்டா. இந்தம்மா கேட்டா. ரெண்டு மொட்டை கேட்டா."

"மூச்சு?"

"அடி நடுவுல வாங்கவே இல்லை" என்றாள் மாமி, பின்னாலிருந்து.

மூத்தவர் தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது.

"வந்தது சந்தோஷம். வந்த வழி சரியில்லை. ரெண்டையும் எங்க வெச்சுக்கறது ஓய்?" என்றார். "யோசிச்சு வெக்கறேன்." போய்விட்டார்.

மறுநாள், அதாவது உற்சவத்துக்கு முந்தின நாள், வழக்கமாக ஆல்பத்தைச் சொல்கிற நாள். அவர் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். கோயிலிலிருந்து இன்னும் சொல்லி அனுப்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இந்த வருஷம் எது சாமி?" என்று நானே கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் முதலில் கேட்டது அன்றுதான்.

"சொல்றதுக்கில்லைம்மா. படகுதான்னு சொல்லணும். ஆனா அதுல கடைசிப் பாட்டை நான் கேக்கலையே. நானே பேசிண்டு இருந்திருக்கேன். முழுசா கேக்காததை எப்படிச் சொல்றது?"

நான் மூச்சை இழுத்தேன். அவர் காத்திருந்தார்.

"எனக்குப் படகு, சாமி" என்றேன்.

"சரி" என்றார். "அப்போ அதான் இந்த வருஷத்து ஆல்பம்."

உற்சவத்தின் முதல் நாள் காலையில் கடையைச் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பெண்கள் நிற்கிற இடத்தில் மாமிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. இரண்டு வரிசையும் உட்கார்ந்துகொண்டிருந்தது. இவர் ஓரத்தில் தூணுக்குப் பின்னால் நின்றார். எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. மூத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ஓய் அங்க நிக்கறீர்? உம்ம இடத்துல உக்காரும்" என்றார். இவர் வந்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே மூத்தவர் சொன்னார்: "முன்னாடியே பேசிட்டீர். அதனால இன்னிக்கு வாய் வேண்டாம். இன்னிக்குக் கேளும். நாளைக்கு எடும்."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். இவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார் என்று நினைக்கிறேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமி என்னைத் தொட்டது அதுவரைக்கும் இல்லை.

மூத்தவர் தன் பிசிறடித்த குரலில் எடுத்தார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கோயில் முழுக்கக் குரல் நிறைந்தது. வாய் ஓய்ந்திருந்த நாட்களெல்லாம் சேர்ந்து ஒரேயடியாகத் திறந்துகொண்டது போல இருந்தது. அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் தோளையே பார்த்தேன். அடி முடிகிற இடத்தில் வரிசையில் எல்லோருடைய தோளும் ஏறி இறங்கும். அவர் தோள் ஏறவில்லை. அடுத்த அடி போகும், எல்லோரும் வாங்குவார்கள், அவர் தோள் அப்போதும் அசையாது. சத்தமே இல்லாமல் அவர் எல்லோரையும் தாங்கிக்கொண்டு போவது போல இருந்தது. வெகுதூரம் போன பிறகுதான், அவசரமில்லாமல், ஒரு மூச்சு வாங்கினார்.

"பார்த்தியா?" என்றாள் மாமி.

மறுநாள் தொடக்கத்தை அவர்தான் எடுத்தார். அன்றைக்குச் சென்னையிலிருந்து சரக்கு வருகிற நாள் என்பதால் என்னால் போக முடியவில்லை. சார்ஜர் பெட்டிகளை இறக்கி அடுக்கிவிட்டு நான் வெளியே வந்தபோது கோஷ்டி முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.